கணக்கில் சேராத பல்

அப்பாவின் கடைவாய்ப் பல் வெளியே வந்ததும் அதைப் பிடுங்கிய மாமாதான் பெரிதாக மூச்சு விட்டார். அப்பா அசையவில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, தட்டில் கிடந்த பல்லையும் பக்கத்தில் நின்ற மகளையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவளுக்குப் புரிந்தது. 'இதையும் உன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்' என்கிறார்.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். பெரியவள் கல்யாணமாகிக் கடல் கடந்து போய்ப் பத்து வருடமாகியும் இவள் சின்னவளாகவே தங்கிவிட்டாள். வயது முப்பத்திரண்டு. வாயில் இருக்கும் பல்லும் வயதும் சரிக்குச் சரியாகிவிட்டது, இனியாவது படிப்பை முடி என்று மாமா கிண்டல் செய்வார். அம்மாவின் தம்பி அவர். பல் மருத்துவர். அவர் கிளினிக்கில் விளையாடிக் கிடந்தவள்தான் பிறகு பல் மருத்துவம் படித்தாள், மேற்படிப்பும் முடித்தாள், நான்கு வருடத்துக்கு மேலாக முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறாள். டாக்டர்தான் ஆகிவிட்டாளே, இன்னொரு முறை எதற்கு டாக்டர் ஆக வேண்டும் என்று கேட்காத உறவினர் பாக்கியில்லை.

"உன் பல்லு சொத்தைப்பா. எனக்கு முழுசா நல்லா இருக்கற ஞானப்பல்லுதான் வேணும்" என்றாள்.

அப்பாவின் முகம் விழுந்தது. பஞ்சை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு குழறினார். "அறுபத்தஞ்சு வருஷம் சோறு மென்ன பல்லு. அதுக்கென்ன கொறச்சல்?"

கிளினிக்கின் நர்ஸ் அக்கா சிரித்தாள். "பெரியவர் ஆசையக் கெடுப்பானேன்? பாட்டில்ல போட்டு வெக்கறேன்" என்று அலமாரியிலிருந்து அந்தக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்தாள். சின்னவள் தன் கையால் சீட்டு ஒட்டிக் கொடுத்த பாட்டில். பிடுங்கிய ஞானப்பற்களை, உரியவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதில் போட்டுவைப்பது வழக்கம். உள்ளே இன்னும் ஆறு பற்கள் கிடந்தன. நர்ஸ் அக்கா மூடியைத் திறந்தாள்.

சின்னவளின் கண் எரிந்தது.

அந்தப் பாட்டிலில் ஓம வாசனை வர வேண்டும். பல் கெடாமலிருக்க அவள் கலந்து கொடுத்த தைமால் தண்ணீர் அப்படித்தான் மணக்கும். இப்போது வந்தது வேறு. முதல் வருடம் உடற்கூறு வகுப்பில், பெரிய அறையில், வரிசையாகப் போட்டிருந்த மேசைகளுக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாளே, அந்த வாசனை. வாழ்நாளில் மறக்காது.

"அக்கா, இதுல என்ன ஊத்தியிருக்கீங்க?"

"நீ குடுத்ததுதாம்மா ஊத்திட்டிருந்தேன். அது தீந்துபோச்சு. சதை டெஸ்டுக்கு அனுப்பறப்போ ஊத்துவோமே, அந்த ஃபார்மலின் நிறைய இருந்துது. பல்லு கெட்டுப்போகக் கூடாதில்ல?"

"எப்போ தீந்துச்சு?"

அக்கா யோசித்தாள். ஒன்றரை வருடம் இருக்கும் என்றாள். கைகழுவிக்கொண்டிருந்த மாமா திரும்பிப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார், நான்தான் ஊத்தச் சொன்னேன், பாரு, ஒரு பல்லாவது கெட்டிருக்கா?

ஒரு பல்லும் கெடவில்லை. அதுதான் பிரச்சினை.

பல்லின் உட்பகுதியில் நார் நாராக ஒரு புரதம் இருக்கிறது. பல்லை அடைக்கும்போது தடவுகிற பசை அந்த நாரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. காலப்போக்கில் நார் நைந்துபோகிறது, பசை பிடியை விடுகிறது, அடைத்தது விழுந்து, ஆள் மறுபடி அதே நாற்காலியில் வந்து வாயைத் திறக்கிறார். திராட்சை விதைச் சாற்றைத் தடவினால் அந்த நார் பதனிட்ட தோலைப்போல இறுகும் என்று மற்றவர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் அவர்கள் பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று ஊறவைத்தார்கள். அவ்வளவு நேரம் வாயைப் பிளந்துகொண்டிருக்க யாரால் முடியும்? ஒரே ஒரு நிமிடம் தடவினால் போதுமா? சின்னவளின் நான்கு வருடமும் இந்த ஒரு கேள்விதான்.

போதும் என்று பதிலும் வந்திருந்தது. அடைத்த பல்லை ஆறு மாதம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிறகு இழுத்துப் பிரித்துப் பார்த்தாள். சாறு தடவாத பற்களில் பிடிமானம் பதினெட்டு அலகு. தடவியவற்றில் முப்பத்தொன்று. அந்த எண்ணைப் பார்த்த அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள், பேருந்து நினைவுக்கே வரவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் துறைக் கருத்தரங்கில் அதைச் சொல்ல வேண்டும். ஒன்பது மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அத்தோடு பதிவுக் காலம் முடிகிறது.

ஆனால் நாரை இறுக்குவதில் திராட்சை விதைக்கெல்லாம் மூத்த அண்ணன் ஃபார்மலின். முப்பத்தொன்று யாருடைய வேலை?

அப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போனாள். நோட்டைத் திறந்தாள். எந்தப் பல் எங்கிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்திருந்தாள். சாறு தடவாத இருபதும், பல் சேர்க்கத் தொடங்கிய முதல் வருடம் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தவை. சாறு தடவிய இருபதில் பதினாறு, மாமா கிளினிக் பாட்டில். தேதிகளைப் பார்த்தாள். பதினாறும் அந்த ஒன்றரை வருடத்துக்குள் வந்தவை.

நோட்டை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பியாக, அவசரமே இல்லாமல். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமா மீதும் நர்ஸ் அக்கா மீதும் எழுந்த கோபம் மெல்ல இடம் மாறித் தன் மீது வந்து உட்கார்ந்தது. நாற்பது பல்லையும் சேர்த்துக் கலக்கிச் சீட்டுப் போட்டுப் பிரித்திருந்தால், ஃபார்மலின் பட்டவை இரண்டு பக்கமும் விழுந்திருக்கும். முதல் வருட மாணவனுக்குக்கூட அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். பல் வர வர, அவசரத்தில், வந்த வரிசையிலேயே பயன்படுத்திவிட்டாள். மாமா ஊற்றியது மருந்தைத்தான். கோட்டை விட்டது அவள்.

மறுநாள் காலை நெறியாளரிடம் சொன்னாள். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மா ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். சாற்றின் தன்மை, அது பல்லுக்குள் இறங்கும் ஆழம், நிறம் மாறுகிறதா என்பதெல்லாம் சுத்தமான வேலை. பட்டத்துக்கு அது போதும். இந்த மாத ஆய்வுக் குழுக் கூட்டத்திலேயே தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கூட்டம் போனால் பிறகு மாற்ற முடியாது.

"அப்போ, ஒரு நிமிஷம் போதுமாங்கற கேள்வி?"

"அத வேற யாராவது பாத்துப்பாங்க."

சின்னவள் மேசை மேலிருந்த நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்பது மாதம். பல் ஊறுவதற்கு ஆறு மாதம். அதில் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. இழுத்துப் பார்த்து எழுதுவதற்கு ஒரு மாதம். மிச்சம் இரண்டு மாதம். அதற்குள் நாற்பது ஞானப்பற்கள், சொத்தை இல்லாமல், கீறல் இல்லாமல்.

"போன தடவ நாப்பது பல்லு சேக்க உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"தேதி தவறினா பதிவே போயிடும். ஒரு அத்தியாயத்துக்காக மொத்தத்தையும் தூக்கிக் குடுத்துட்டு நிப்பே."

"தெரியும் மேடம். தலைப்பு அப்படியே இருக்கட்டும்."

மேடம் நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கருத்தரங்குத் தேதியைப் பென்சிலால் அடித்தார். "சீட்டுப் போட்டுப் பிரி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் விஷயம் வேறு விதமாக வெடித்தது. அம்மாவுக்குத் திராட்சை விதை, நார் எதுவும் தேவையில்லை. தம்பி பெயர் அடிபடுமா என்பதுதான் கவலை. நாலு பேர் படிக்கிற புத்தகத்தில் என் தம்பி தப்பு செய்தான் என்று எழுதப் போகிறாயா, உனக்குப் பல்லு முளைத்தபோது ராத்திரி பகலாகத் தூக்கி வைத்திருந்தவன் அவன் என்று மூக்கைச் சிந்தினாள். பேர் வராது, 'மூன்றாவது கிளினிக்' என்றுதான் வரும் என்று சின்னவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அதற்குள் செய்தி மாமாவின் காதுக்குக் கை கால் முளைத்துப் போய்ச் சேர்ந்தது. உதவி செய்யப்போய் உபத்திரவமாகிவிட்டேனாம் என்று அம்மாவிடம் போனில் பொருமினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவர், வருவதை நிறுத்தினார்.

சின்னவளுக்கு மாமாவைச் சமாதானப்படுத்த நேரமில்லை. காலையில் பையில் தைமால் நிரப்பிய சிறு குப்பிகளும் சம்மதப் படிவங்களும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், ஒரு நாளைக்கு ஐந்து கிளினிக். பாட்டிலைக் கொடுத்துவிட்டு வரும் வேலை இனிக் கிடையாது. ஒவ்வொரு பல்லையும் அவளே நின்று வாங்கினாள். காத்திருக்கும் நாற்காலிகளில் வீங்கிய கன்னங்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஆய்வு என்றால் என்ன என்று விளக்கினாள். ஒரு லாரி ஓட்டுநர், என் பல்லை வைத்து எனக்கு ஏதாவது செய்துவிட மாட்டாயே என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு தையற்காரி, இவ்வளவு வலி கொடுத்த சனியனைக் கையோடு கொண்டுபோய்த் தெருவில் எறிந்தால்தான் மனசு ஆறும் என்று தர மறுத்துவிட்டாள். கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டு பல்லையும் கொடுத்துவிட்டு, அதற்குப் பேர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

வாங்கியதில் பாதி தேறவில்லை. பிடுங்கும்போது விரிசல் விட்டவை, கண்ணுக்குத் தெரியாத சொத்தை உள்ளே இருந்தவை. உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கினாள். ஆறாவது வாரம் முடிந்தபோது இருபத்தெட்டு. ஏழாவது வாரம் இரண்டுதான் சேர்ந்தது. எட்டாவது வாரம் திங்கட்கிழமை, ஒன்று. இனிப் பல் கிடைத்தாலும் அறுத்து, அடைத்து, ஊறவைக்க நாள் இருக்காது என்ற நிலைமைக்கு நான்கு நாள் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஆய்வகக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு மாமா வந்தார். கையில் ஒரு மருந்துப் பெட்டி. அதை மேசையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த மின்விசிறிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே பதினொரு குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பல், தேதி, எண், மாமாவின் கிறுக்கல் கையெழுத்து. கீழே பதினொரு சம்மதப் படிவங்கள். இரண்டு மாதமாகத் தன் கூடப் படித்த பல் மருத்துவர்களுக்கெல்லாம் போன் போட்டு, தைமாலைத் தானே கலந்து கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்.

"மோந்து பாத்துட்டு வாங்கிக்கோ மருமகளே" என்றார். குரலில் கோபம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறு நேரமாக இருந்தால், விடுங்க மாமா, நீங்க குடுத்தா போதாதா என்று சொல்லியிருப்பாள். இப்போது ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முகர்ந்தாள். பதினொன்றிலும் ஓமம் மணத்தது. பிறகு உருப்பெருக்கியில் வைத்தாள். எட்டு தேறியது. மூன்றை ஒதுக்கினாள். மாமா அதையும் பார்த்தார்.

"முப்பத்தொம்போது ஆச்சு" என்றாள்.

"ஒண்ணு கொறையுதா? உன் வாயிலயே நாலு இருக்கே, நாற்காலிய ரெடி பண்ணட்டுமா?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு மாமாவின் முதல் கிண்டல். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒன்று குறைந்தால் குறையட்டும் என்று மேடமும் சொல்லிவிட்டார். முப்பத்தொன்பது சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். எடுப்பதற்கு, ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கை வேண்டும். அப்பா வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பரிசுச் சீட்டு எடுப்பவரைப்போல ஒவ்வொன்றையும் உயர்த்திக் காட்டி எடுத்தார். இருபது ஒரு பக்கம், பத்தொன்பது ஒரு பக்கம். எது எந்தப் பக்கம் என்ற பட்டியலை மேடம் உறையில் போட்டு ஒட்டித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கிளம்பும் முன் அப்பா தயங்கினார். "என்னோடது?"

அப்பாவின் பல், அன்று நர்ஸ் அக்கா போட்டபடியே, மாமா கிளினிக் பாட்டிலில், அந்த ஆறு பற்களோடு, ஃபார்மலினிலேயே கிடந்தது. அதை மறந்தே போயிருந்தாள். கேள்வி கேட்டவுடன்தான் அவளுக்குப் பொறி தட்டியது. அந்த ஏழையும் வரவழைத்தாள். அப்பாவின் பல்லில் சொத்தை ஒரு பக்கம்தான். மறுபக்கம் கல் மாதிரி இருந்தது. ஏழிலும் சாறு தடவாமலே பசை மட்டும் வைத்து அடைத்து, தனிக் குப்பியில் போட்டாள். ஃபார்மலின் தனியாக என்ன செய்கிறது என்று அவை சொல்லட்டும்.

மற்ற முப்பத்தொன்பதையும் அடைத்த பிறகு எல்லாம் முப்பத்தேழு டிகிரி பெட்டிக்குள் போயின. வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது தவிர அவற்றுக்கு அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மற்ற அத்தியாயங்களை எழுதினாள். சில மாலைகளில் பெட்டியின் கண்ணாடி வழியே பார்ப்பாள். முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர், லாரிக்காரர், கல்லூரிப் பையன், ஒரே இளஞ்சூட்டில் பக்கத்துப் பக்கத்தில் தூங்குவதாகத் தோன்றும். அந்தத் தூக்கம் கலையும்வரை ஒரு நிமிடம் போதுமா என்பது உலகில் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பில் பயமும் இருந்தது, ஒரு விதமான சந்தோஷமும் இருந்தது.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் பற்களைத் தீக்குச்சியில் பாதிப் பருமனுக்கு மெல்லிய குச்சிகளாக அறுக்கத் தொடங்கினாள். இழுத்துப் பார்க்கும் இயந்திரம் பொறியியல் கல்லூரியில் இருந்தது. இரும்புக் கம்பியை இழுத்து அறுக்கிற, இரண்டு ஆள் உயர இயந்திரம். அதை இயக்கும் மெஷின்காரர் போன முறையே சொன்னார், இது யானையை விட்டு எறும்புக்கு மீசை சிரைக்கிற வேலை என்று. இந்த முறை அவள் குச்சிகளில் மேடம் மாற்றிப் போட்ட எண் மட்டும்தான் இருந்தது. எது சாறு தடவியது என்று அவளுக்கே தெரியாது. குச்சி ஒவ்வொன்றாக 'டக்' என்று முறியும், மெஷின்காரர் எண்ணைப் படிப்பார், அவள் எழுதுவாள். மூன்று நாள் ஆனது.

நான்காம் நாள் மேடம் உறையைப் பிரித்தார்.

சாறு தடவாதது, பதினெட்டு. தடவியது, இருபத்திரண்டு. ஃபார்மலினில் கிடந்து, சாறே படாதவை, இருபத்தொன்பது.

மேடம் கணிப்பொறியில் போட்டுப் பார்த்தார். நாலு என்பது சின்ன வித்தியாசம்தான், ஆனால் தற்செயலாக வந்ததல்ல என்றது கணிப்பொறி. பழைய பதின்மூன்று வித்தியாசத்தில் ஒன்பது ஃபார்மலின் கொண்டுவந்ததாக இருக்கும்.

"நாலு" என்றார் மேடம்.

"நாலு மேடம்."

"எழுது. பழசு, புதுசு, மூணாவது கிளினிக், வந்த வரிசையில நீ எடுத்தது, எல்லாத்தையும் எழுது."

எண்கள் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கப் போனபோது மெஷின்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்குவார் என்று எதிர்பார்த்தாள். "பதினெட்டுல நாலா? கான்கிரீட்ல அவ்வளவு ஏத்திக் காட்டினா எங்க ஆளுங்க மால போட்டு ஊர்வலம் விடுவாங்க. பல்லுக்காரங்களுக்குத்தான் பேராச" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு இருபத்திரண்டு நாள் எழுதினாள். ஒரு நிமிடம் உதவுகிறது, நினைத்த அளவுக்கு இல்லை என்று முடிவுரையின் முதல் வரியிலேயே எழுதினாள். எவ்வளவு தேய்த்துப் பார்த்தும் அந்த வரி அதைவிடப் பளபளப்பாகவில்லை, அப்படியே விட்டாள். கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளையும் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய ரசீதை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். வீட்டுக்கென்று கொண்டுவந்த பிரதியில் அம்மா 'மூன்றாவது கிளினிக்' வரும் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தம்பியின் பெயர் எங்கும் இல்லை என்று மூன்று முறை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். மாமா அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். வேகமாகப் படிக்கிறவர், மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும், தன் கிளினிக்கில் இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டியிருப்பதாக யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அப்பாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம்.

"என் பல்லு எவ்வளவு தாங்குச்சு?"

"முப்பத்தி மூணுப்பா."

"மத்ததெல்லாம்?"

"எல்லாத்தையும்விட உன்னோடதுதான் அதிகம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பல் போன இடம் தெரியச் சிரித்துக்கொண்டே மாமாவைப் பார்த்தார். "அப்போ என் பல்லத்தான் மொதல்ல எழுதியிருப்பே."

"இல்லப்பா. அத பின்னாடி தனிப் பட்டியல்ல போட்டிருக்கேன். ஃபார்மலின்ல கெடந்ததாலதான் அவ்வளவு தாங்குச்சு. கணக்குல சேத்தா பொய்யாயிடும்."

அப்பா நாக்கால் அந்தக் காலி இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

சின்னவள் பக்கத்தைப் புரட்டி, கடைசிப் பட்டியலில், ஏழாவது வரியைக் காட்டினாள்.